விஜயந்தாவுக்கு கிட் எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மேசையில் பாதி முடிந்த விஜயந்தா டாங்கி மாடல் ஒன்று நாலு வருடமாக நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், கண்காட்சியில் மேசைப் பக்கம் ஒதுங்குகிறவர்கள், பிள்ளைக்கு முதல் கிட் (உதிரிகளைப் பெட்டியில் வாங்கி நாமே ஒட்டிச் சேர்க்கும் மாடல்) வாங்க யோசனை கேட்டு ஃபோன் செய்கிறவர்கள் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். நம் ராணுவ வண்டிகளுக்கு ஏன் பிளாஸ்டிக் கிட் இல்லை, அப்படியானால் என்ன செய்வது என்பதில் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

கிட் பெட்டி மேல 1/35, 1/72ன்னு போட்டிருக்கே, அது என்ன சார் கணக்கு?

நிஜ வண்டியை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான். விஜயந்தா, பீரங்கிக் குழலோடு சேர்த்து ஏறத்தாழ 9.8 மீட்டர் நீளம். 1/35இல் அது 28 செ.மீ., பள்ளிக்கூட ஸ்கேலுக்குக் கொஞ்சம் குறைவு. 1/72இல் 13.6 செ.மீ.தான்.

72க்கு ஒரு காரணம் உண்டு: ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆவான். 35க்குப் பின்னால் அப்படிப் பெரிய யோசனை எதுவும் கிடையாது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடும் பொம்மையாகப் போட்டது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கும்படி உடலை வைத்தார்கள். அப்புறம் கணக்குப் பார்த்தால் சுமார் 35இல் ஒரு பங்கு வந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. இனி கீழே அளவு சொல்லும்போதெல்லாம் 1/35 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் டைகர் டாங்கிக்கு எத்தனையோ கிட் இருக்கு. நம்ம விஜயந்தாவுக்கு ஒண்ணு கூடவா இல்ல?

பெரிய நிறுவனம் எதுவும் 1/35 பிளாஸ்டிக்கில் போட்டு நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அது அபூர்வமான வண்டி இல்லை. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைத்தது, 1961இல் ஒப்பந்தம், 1960களின் நடுவிலிருந்து ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரிப்பு. சுமார் 2,200 வண்டிகள் வெளிவந்தன என்பார்கள். சுதந்திர இந்தியா தன் மண்ணில் கட்டிய முதல் டாங்கி வரிசை இது. 1971 போரில் போனது. இன்றும் ஊர் ஊருக்கு நினைவுச் சின்னமாகச் சிமென்ட் மேடையில் நிற்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஜெர்மனியின் 'லோவே' என்று ஒரு டாங்கி. 1942இல் காகிதத்தில் வரைந்து, அதே வருடம் கைவிட்டார்கள். முழு வண்டி ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. அதற்கு அம்யூசிங் ஹாபி நிறுவனம் 1/35இல் அழகான கிட் போட்டிருக்கிறது. பிறக்காத பிள்ளைக்குத் தங்கச் சங்கிலி, பிறந்த பிள்ளைக்கு அரைஞாண் கயிறுகூட இல்லை.

ஏன் போட மாட்டேங்கறாங்க? ரெண்டாயிரம் வண்டி போதாதா?

எத்தனை வண்டி கட்டினார்கள் என்பது கிட் நிறுவனத்துக்குப் பொருட்டே இல்லை. எத்தனை பேர் பெட்டியை வாங்குவார்கள் என்பதுதான் கணக்கு. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா, இப்போது சீனா. அவர்கள் படித்த போர், பார்த்த படம், விளையாடிய கணினி விளையாட்டு எதிலும் விஜயந்தா கிடையாது. லோவே டாங்கி டாங்கிச் சண்டை விளையாட்டுகளில் வருகிறது. பதினாலு வயதுப் பையன் அதை ஓட்டியிருப்பான், பெட்டியைப் பார்த்ததும் கை போகும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. அதுதான் முக்கியம் என்பது என் கட்சி: அளவு கிடைக்காது. இரண்டாம் உலகப் போர் டாங்கிகளுக்கு அருங்காட்சியகங்கள் உண்டு, அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்த படப் புத்தகங்கள் உண்டு. வடிவமைப்பவர் நாற்காலியை விட்டு எழவே வேண்டாம். விஜயந்தாவுக்கு நம்மிடம் அப்படி ஒரு முழு வரைபடத் தொகுப்பு பொதுவெளியில் இல்லை. ஆவடியில் கட்டிய வண்டிக்கு ஆவடியிலிருந்து ஒரு நல்ல படப் புத்தகம் வரவில்லை என்றால், ஷாங்காயில் உட்கார்ந்திருக்கிறவரைக் குறை சொல்லி என்ன பயன்? லோவே விஷயத்தில் தொல்லையே இல்லை. உண்மையான வண்டி இல்லாததால் 'போல்ட் தப்பு' என்று யாரும் சண்டைக்கு வர முடியாது.

அம்பத்தூர்ல மோல்டு போடுற பட்டறை அவ்ளோ இருக்கே. நாமளே போட்டா என்ன அண்ணே?

இதை நானும் ஒருமுறை போய்க் கேட்டிருக்கிறேன். பட்டறைக்காரர் டைகர் கிட்டின் ஒரு பிரேமை, அதாவது உதிரிகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை, கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கைப்பிடிக் கம்பி அரை மில்லிமீட்டர் தடிமன், அதில் பிசிறு இல்லை. "இதைப் பண்ணலாம் தம்பி. வாளி மூடி பண்ற விலைக்குப் பண்ண முடியாது" என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

கணக்கை நீங்களே போடுங்கள். ஒரு முழு டாங்கி கிட் என்றால் பல பிரேம்கள், சில நூறு உதிரிகள், ஒவ்வொரு பிரேமுக்கும் இரும்பு அச்சு. எல்லாம் சேர்ந்து 40 லட்சம் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 2,000 பெட்டி விற்றாலும் ஒரு பெட்டி மேல் 2,000 ரூபாய் அச்சுச் செலவு மட்டும் ஏறும். பிளாஸ்டிக், டெக்கால் (எண், சின்னம் ஒட்டும் தாள்), பெட்டி, கடைக்காரர் பங்கு எல்லாம் அதற்கு மேல். 2,000 பெட்டி வாங்க நம்மூரில் ஆள் இருக்கிறார்களா? அதுவும் ஒரே வண்டிக்கு? கைவசம் திறமை இருக்கிறது, இடிப்பது அங்கேதான்.

உங்க ஆசைப் பட்டியல்ல முதல்ல எந்த வண்டி எல்லாம் வரும்?

விஜயந்தா. அதைச் சொல்லித் தீராது, கீழே இன்னும் வரும்.

அதற்கு அடுத்து கேட்டபுல்ட். பெயர் கேள்விப்படாதவர்களுக்கு: சோவியத் எம்-46 என்ற 130 மி.மீ. பீரங்கி, லாரியில் கட்டி இழுத்துப் போவது. அதை விஜயந்தாவின் உடல்மேல் ஏற்றித் தானே ஓடும் பீரங்கியாக்கினார்கள். பாரம் தாங்க உடலை நீட்டி, பக்கத்துக்கு ஆறாக இருந்த சக்கரத்தை ஏழாக்கினார்கள். பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் இருப்பதை வைத்துக் காரியம் சாதிக்கும் புத்தி அதில் அப்படியே தெரியும். ஒரு கிட் நிறுவனம் விஜயந்தாவுக்கு அச்சு போட்டால் கேட்டபுல்டும், கார்த்திக் என்ற பாலம் போடும் வண்டியும், குவைத் வாங்கிய 70 விக்கர்ஸ் டாங்கிகளும் அதே சக்கரம், செயின் பிரேம்களை வைத்தே வந்துவிடும். ஒரு கோழி, நாலு குழம்பு.

அப்புறம் சக்திமான் லாரி. ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் 1959இல் ஜபல்பூரில் தொடங்கியது. ராணுவக் குடியிருப்புப் பக்கம் வளர்ந்த யாருக்கும் அந்த நீண்ட மூக்கும் ஏற்றத்தில் போடும் சத்தமும் மறக்காது. இத்தனை வருடம் ஒரு ராணுவத்தையே சுமந்த லாரி, 1/35இல் ஒரு டயோராமாவில், அதாவது காட்சி மாதிரியில், பின்னணியாக நிறுத்தக்கூட கிட் கிடைத்ததில்லை. அசோக் லேலண்ட் ஸ்டாலியனும் அதே கதை. அது சென்னை நிறுவனத்தின் வண்டி, இன்று நெடுஞ்சாலையில் ராணுவ கான்வாய் போனால் அதில் கண்ணில் படுவதில் பெரும்பாலானவை அதுதான். ஜோங்கா என்ற ஜீப் மாதிரி ராணுவ வண்டியைப் பற்றித் தனிக் கேள்வியே வருகிறது.

அர்ஜுன் இல்லாம ஒரு லிஸ்டா?

திட்டாதீர்கள். அர்ஜுன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆவடியின் சி.வி.ஆர்.டி.இ. என்ற போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்தது, 120 மி.மீ. பீரங்கி, முதல் வகை 124 வண்டிகள், 2021 செப்டம்பரில் மார்க் 1ஏ வகைக்கு 118 வண்டிகளுக்கு ஆர்டர். இன்னும் பணியில் இருக்கும் டாங்கி. கிட் நிறுவனங்களுக்கு 'இப்போது ஓடும் டாங்கி' என்றால் எப்போதும் ஒரு மயக்கம் உண்டு, குடியரசு தின அணிவகுப்புப் புகைப்படங்களும் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அதற்குக் காலம் இருக்கிறது. சிமென்ட் மேடையில் துருப்பிடித்து நிற்கிற விஜயந்தாவுக்கு அது இல்லை. வரிசையில் முதியவரை முன்னால் விடுகிறேன், அவ்வளவுதான்.

அப்போ போஃபர்ஸ்? அது வண்டியில்ல, பீரங்கின்னு சொல்லித் தட்டிக் கழிக்காதீங்க.

தட்டிக் கழிக்கவில்லை. போஃபர்ஸ் பாதி வண்டிதான். அதில் சொந்தமாகச் சின்ன எஞ்சின் இருக்கிறது, சுட்ட இடத்திலிருந்து கொஞ்ச தூரம் தானே நகர்ந்துவிடும். இழுத்துப் போக ஸ்கானியா ஆறு சக்கர லாரிகளையும் சேர்த்தே வாங்கினார்கள். லாரியும் பீரங்கியும் ஒரே பெட்டியில் வந்தால் முதல் ஆளாக நான் நிற்பேன். 1999 கார்கில் காட்சி செய்ய ஆசைப்படாத இந்திய மாடல்காரர் யார்?

ஜோங்காவில் ஏறி நின்னு அப்துல் ஹமீது பேட்டன் டாங்கியைச் சுட்ட காட்சி செய்யணும். எந்த கிட் வாங்கலாம்?

ஜோங்காவைத் தேடாதீர்கள், அதில் ஒரு பிசகு இருக்கிறது. நம் வீரர் அப்துல் ஹமீது பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளோடு சண்டையிட்டது 1965 செப்டம்பர். ஜோங்கா ஜபல்பூரில் தயாராகத் தொடங்கியது 1969இல்தான், நிசான் பேட்ரோல் வண்டியின் உரிமத்தில். பெயரே அந்த ஜபல்பூர்த் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரிலிருந்து எழுத்து எழுத்தாக எடுத்துச் சேர்த்தது. ஹமீதின் 106 மி.மீ. ஆர்.சி.எல். (பின்னுதைப்பு இல்லாத) பீரங்கி இருந்தது சாதாரண ஜீப்பில். ஜோங்காவிலும் பிற்பாடு அதே பீரங்கியை ஏற்றினார்கள், அந்தப் புகைப்படங்களைப் பார்த்துத்தான் குழப்பம்.

இதில் உங்களுக்கு லாபம்தான். ஜீப், பேட்டன் இரண்டுக்கும் 1/35இல் கிட் உண்டு, 106 பீரங்கியும் கிடைக்கும். ஜோங்காவுக்குத்தான் ஆசைப் பட்டியல். ராணுவ ஏலத்தில் எடுத்த ஜோங்காக்களைத் தனியார் இன்னும் கண்போல வைத்து ஓட்டுகிறார்கள். யாரிடமாவது பழக்கம் இருந்தால் அடியில் படுத்து அளவு எடுத்து வையுங்கள்.

அப்போ இந்திய ராணுவம்னு எதையுமே செய்ய முடியாதா?

யார் சொன்னது? நாம் வெளியிலிருந்து வாங்கிய டாங்கிகளுக்கெல்லாம் கிட் இருக்கிறது. பிரிட்டிஷ் செஞ்சூரியனுக்கு ஏ.எஃப்.வி. கிளப், தமியா நிறுவனங்களின் கிட். 1971 டிசம்பர் 16இல் பசந்தர் சண்டையில் நம் இளம் அதிகாரி அருண் கேத்தர்பால் கடைசிவரை நின்ற 'ஃபமகுஸ்டா' என்ற டாங்கி ஒரு செஞ்சூரியன்தான். நம் பக்கத்துத் தொடர்பு வேண்டுமென்றால் பழைய மதராஸ் குதிரைப்படையின் வழிவந்த 16வது லைட் கேவல்ரியும் 1965இல் சியால்கோட் பகுதியில் செஞ்சூரியனோடுதான் போனது. சோவியத் பி.டி-76க்கு டிரம்பீட்டர் நிறுவனத்தின் கிட் போதும். 1971 நவம்பரில் கரிப்பூரில் 45வது கேவல்ரி அதை வைத்துத்தான் பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளோடு மோதியது. தண்ணீரில் மிதக்கும் டாங்கி என்பதால் பஞ்சாபி வீரர்கள் அதை 'பிப்பா', அதாவது நெய் டின் என்று கூப்பிடுவார்கள். ஆவடியிலேயே அஜேயா என்ற பெயரில் தயாரான டி-72எம்1க்கு தமியா, டிரம்பீட்டர் இரண்டும் உண்டு.

சோவியத் டி-55தான் எனக்குப் பிடித்தது. 1971இல் நம்மிடம் டி-55, பாகிஸ்தானிடம் அதன் சீனப் பிரதியான டைப் 59. தூரத்தில் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்று, நம் ஆளே நம் டாங்கியைச் சுட்டுவிடுவான். அதற்காக நம் டி-55களின் குழல் நடுவில் ஒரு போலி உருளையை மாட்டினார்கள். உண்மையான புகை உறிஞ்சி உருளை குழலின் முனையில் இருக்கும், இது நட்டநடுவில் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும். பேனா மூடியிலிருந்து ஒரு வளையம் வெட்டி, புட்டி தடவித் தேய்த்துச் செருகினால் உங்கள் டி-55 இந்திய டி-55 ஆகிவிட்டது. செலவு பூஜ்ஜியம், வேலை அரை மணி நேரம். கண்காட்சியில் பத்துப் பேர் வந்து 'இது என்ன, தப்பா ஒட்டியிருக்கீங்க' என்பார்கள். அதற்காகவே செய்யலாம்.

ஷெர்மன் எல்லாரும்தான் செய்றாங்க. இந்திய ஷெர்மன்னு தனியா என்ன இருக்கு?

பீரங்கி. உலகப் போர் முடிந்து வருடங்கள் கழித்தும் நாம் ஷெர்மனை வைத்திருந்தோம். பழைய பீரங்கி போதாதபோது சிலவற்றில் பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ்-13இன் 75 மி.மீ. பீரங்கியையும், வேறு சிலவற்றில் பி.டி-76இன் 76 மி.மீ. பீரங்கியையும் பொருத்தினார்கள். அமெரிக்க உடல், சோவியத் பீரங்கி, இந்திய ஓட்டுநர்! மேலே சொன்ன பி.டி-76 கிட் ஏற்கனவே வாங்கியிருந்தால் அதன் குழலை அச்சு எடுத்துக்கொள்ளலாம். இதற்காகத் தனிக் கிட் வேண்டும் என்று நான் காத்திருக்க மாட்டேன்.

ராணுவ ஜிப்ஸி செய்யணும். ஜிம்னி கிட் வாங்கினா போதுமா?

போதாது, ஆனால் பக்கத்தில் போகலாம். ஹசேகாவா 1/24இல் சுசூகி ஜிம்னி ஜே.ஏ.11 போட்டிருக்கிறது. அதன் முன் பின் சக்கர இடைவெளி நிஜத்தில் 2,030 மி.மீ. மாருதி ஜிப்ஸிக்கு 2,375. வித்தியாசம் 345 மி.மீ., அதை 24ஆல் வகுத்தால் 14.4 மி.மீ. ஆக, கதவுக்குப் பின்னால் உடலையும் சேசிஸையும் ரம்பத்தால் அறுத்து, 14.4 மி.மீ. பட்டை வைத்து ஒட்ட வேண்டும். ஜிப்ஸி அகலத்திலும் பெரியது, அதற்காக ஆக்ஸிலைத் தள்ளி வைக்க வேண்டும். மேலே கித்தான் கூரையை டிஷ்யூ பேப்பரில் நீர்விட்ட ஃபெவிகால் தடவிச் செய்தால் மடிப்பு நன்றாக விழும்.

ஒரே வருத்தம், 1/24 வண்டியை 1/35 டாங்கிக்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது. ஜிப்ஸி யானை மாதிரி தெரியும்.

செஞ்சூரியன் கிட் ஒண்ணு, சீஃப்டன் கிட் ஒண்ணு. வெட்டி ஒட்டினா விஜயந்தா வராதா?

வரும் என்று நம்பித்தான் நானும் இறங்கினேன். காரணம் புரியும்: விஜயந்தாவின் 105 மி.மீ. பீரங்கி பிந்தைய செஞ்சூரியனில் இருப்பது, லேலண்ட் எல்60 எஞ்சின் சீஃப்டனில் இருப்பது. மூன்றுக்கும் பக்கத்துக்கு ஆறு சக்கரம். செஞ்சூரியனின் அடிப்பாகத்தை அப்படியே எடுத்து, சக்கரம் பூட்டி, செயின்கூட மாட்டிவிட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு நிஜ விஜயந்தா முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. செஞ்சூரியனிலும் சீஃப்டனிலும் சக்கரங்கள் இரண்டிரண்டாக ஜோடி கட்டித் தொங்கும். விஜயந்தாவில் ஒவ்வொரு சக்கரமும் தனிக் கையில், டார்ஷன் பாரில், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியில். இடைவெளியே வேறு. அப்படியே பிய்த்து எடுத்தேன்.

டார்ஷன் பார் வண்டிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. பார்கள் வண்டியின் அடியில் குறுக்காக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் படுத்திருக்கும். அதனால் பொதுவாக இடப்பக்கச் சக்கரமும் வலப்பக்கச் சக்கரமும் நேருக்கு நேர் இருக்காது, கொஞ்சம் தள்ளியிருக்கும். ஒரு பக்கம் அளந்து மறுபக்கம் நகல் எடுத்தால் போச்சு. இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்.

சரி, நல்ல செய்தி. விஜயந்தாவின் டரட், அதாவது மேலே சுழலும் தலை, உருக்கி வார்த்ததல்ல. தட்டையான எஃகுத் தகடுகளை வெட்டிப் பற்றவைத்தது. செஞ்சூரியன், பேட்டன் மாதிரி உருண்டை வளைவுகள் இல்லை. ஆவடியில் தகட்டை வெட்டி ஒட்டினார்கள், நீங்கள் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டப்போகிறீர்கள். கிட்டே இல்லாமல் முதன்முதலாக ஒரு டாங்கி கட்ட விரும்புகிறவருக்கு இதைவிடச் சுலபமான தலை கிடைக்காது. குழலுக்கு 1/35இல் துளை சரியாக 3 மி.மீ., 105ஐ 35ஆல் வகுங்கள். கடையில் கிடைக்கும் எல்7 (அந்த 105 மி.மீ. பீரங்கியின் பெயர்) உலோகக் குழல் வாங்கினால் இன்னும் சௌகரியம். சக்கரம் ஒன்றை மட்டும் நன்றாகச் செய்து, சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்து, ரெசினில் வார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஆறு, ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு, மொத்தம் 24. கையால் 24 செய்தால் இருபதாவதில் வாழ்க்கை வெறுத்துவிடும்.

இப்பதான் 3டி பிரிண்டர் வந்துடுச்சே. இனி கிட் எதுக்கு?

பிரிண்டர் அச்சுச் செலவை ஒழித்துவிட்டது, உண்மைதான். அம்பத்தூர்க் கணக்கு இங்கே செல்லாது. ரெசின் பிரிண்டரில் பத்துப் பேருக்குப் பத்து விஜயந்தா போட்டால் போதும், 2,000 விற்க வேண்டியதில்லை. ஆனால் பிரிண்டருக்குக் கொடுக்கும் கோப்பை வரைந்தவருக்கு அளவு எங்கிருந்து வந்தது? புகைப்படத்தைப் பார்த்துக் கண்ணால் மதிப்பிட்டது என்றால் அழகான தப்பு கிடைக்கும். நான் ஒரு விற்பனையாளரிடம் காசு கொடுத்து வாங்கிய கோப்பில் சக்கரம் அசல் செஞ்சூரியன் இடைவெளியில் இருந்தது. என் பழைய தப்பை யாரோ எனக்கே விற்றார்கள்.

வெளியிலிருந்து வரவழைச்சா ஏன் இவ்ளோ விலை? கிட் விலையே தபால்ல போகுதே?

சுங்க அட்டவணையில் சுருக்க அளவு மாடல்கள் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20லிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்காக எடுத்த முடிவில் நாற்பது வயதுப் பொம்மைக்காரர்களான நாமும் மாட்டிக்கொண்டோம். ஆர்டர் போடும் முன் அன்றைய வரியைப் பார்த்துவிடுங்கள்.

ரோட்டோரம் மேடையில டாங்கி நிறுத்தி வெச்சிருக்காங்களே, ஏறி அளக்கலாமா? போலீஸ் பிடிக்குமா?

பூங்கா, பொதுச் சாலை, கல்லூரி வளாகம் என்றால் அங்குள்ள காவலாளியிடமோ அலுவலகத்திலோ கேட்டுவிட்டு அளக்கலாம். கன்டோன்மென்ட் வாசல், தொழிற்சாலை மதில் பக்கம் என்றால் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். தடை செய்யப்பட்ட இடத்தைப் படம் எடுப்பது 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தில் வரும். 'நான் பொம்மை செய்கிறேன்' என்று காவல் நிலையத்தில் விளக்குவது சுலபமில்லை. மகாராஷ்டிராவில் அஹமத்நகர் (இப்போது அஹில்யாநகர்) டாங்கி அருங்காட்சியகத்துக்குப் போக முடிந்தால் ஒரே இடத்தில் பல வண்டிகளைப் பார்க்கலாம், என்ன அனுமதி உண்டு என்று நுழையும்போதே கேளுங்கள்.

அளக்கும் முறை: ஐம்பது செ.மீ. குச்சி ஒன்றில் பத்து செ.மீ.க்கு ஒரு கறுப்பு, வெள்ளைப் பட்டை அடித்து, வண்டியோடு ஒட்டி வைத்துப் படம் எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் முன்பக்கம் ஊதித் தெரியும், பின்னால் தள்ளிப்போய் ஜூம் செய்யுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை. மேடை டாங்கியின் பெயின்டை நம்பாதீர்கள். சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் கான்ட்ராக்டர் கையில் என்ன பச்சை இருந்ததோ அதுதான் அங்கே இருக்கும். ஒரு ஊரில் சக்கர ரப்பருக்கு வெள்ளை பார்டர் போட்டு அம்மிக்கல் மாதிரி ஆக்கியிருந்தார்கள்.

ராணுவ வண்டி நம்பர் பிளேட்ல மேல் நோக்கி ஒரு அம்புக்குறி இருக்கே, எதுக்கு? அதை எப்படி எழுதறது?

பிரிட்டிஷ் காலத்தில் அரசுச் சொத்துக்குப் போட்ட அம்பு முத்திரையின் மிச்சம். அம்புக்கு அடுத்த இரண்டு இலக்கம் வண்டி வாங்கிய ஆண்டு. அதனால் 1971 காட்சியில் நிற்கும் வண்டிக்கு 74 என்று எழுதிவிடாதீர்கள், கண்டிப்பாக ஒருவர் கண்டுபிடிப்பார். முன்னால் மஞ்சள் வட்டத்தில் கறுப்பு எண் இருந்தால் அது பாலம் தாங்கும் வகுப்பு, அதாவது வண்டியின் எடைக்கு எந்தப் பாலம் தாங்கும் என்பதற்கான எண். கிட்டோடு வரும் டெக்காலில் இதெல்லாம் இருக்காது. 0.1 மி.மீ. பேனாவோ, வீட்டுப் பிரிண்டரில் டெக்கால் தாளோ போதும்.

நாம எல்லாரும் சேர்ந்து பெரிய கம்பெனிக்கு எழுதினா விஜயந்தா போடுவாங்களா?

'ஆயிரம் பேர் கையெழுத்து' அனுப்பினால் படித்துவிட்டு வைத்துவிடுவார்கள், கையெழுத்து போட்டவர்கள் எல்லோரும் வாங்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மேலே சொன்ன இரண்டு காரணங்களில் சந்தையை நாம் மாற்ற முடியாது, அளவை மாற்றலாம். இரண்டு பக்கச் சக்கர இடைவெளி, டரட் தகடுகளின் கோணம், எஞ்சின் மூடி, அடிப்பாகம் எல்லாம் அளவுகோலோடு படமெடுத்து ஒரே கோப்பாக அனுப்புங்கள். கூடவே ஒரே அச்சிலிருந்து கேட்டபுல்டும் குவைத் டாங்கியும் வரும் என்ற அந்தக் கோழிக் கணக்கையும் எழுதுங்கள். அது அவர்களுக்குப் புரியும் பாஷை.

எல்லாம் சரி, உங்க மேசையில நிக்கற விஜயந்தா எப்ப முடியும்?

எஞ்சின் மூடிதான் பாக்கி. நான் அளந்த மூன்று மேடை டாங்கிகளிலும் மழைத் தண்ணீர் இறங்கக் கூடாது என்று பின்பக்கத்தை இரும்புத் தகடு போட்டுப் பற்றவைத்து மூடிவிட்டார்கள். காற்றுத் துவாரங்கள் எத்தனை, என்ன இடைவெளி என்று தெரியவில்லை. மூடாத ஒன்று எங்காவது நிற்கிறது என்றால் சொல்லுங்கள், குச்சியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.